பழைய கணினியும் தமிழ் எழுத்தும்

எழுதுகருவிகளின் வரலாறும் எழுத்தின் வரலாறும் பிரிக்க முடியாதவை. ஓலையும் எழுத்தாணியும் வழங்கிய காலத்தில், ஏடு செல்லரிக்கத் தொடங்கினால் புதிய ஏட்டில் படியெடுத்தனர். படியெடுக்கப்பெறாத நூல்கள் மறைந்தொழிந்தன. இன்று நம் இல்லத்துக் கணினி தளர்ச்சியுறும்போது, இதனையே மேம்படுத்துவதா, விலக்கிவிட்டுப் புதியது வாங்குவதா என்னும் வினா எழுகின்றது. பலரும் இதனைப் பணத்தைப் பற்றிய வினாவாகவே கருதுவர். தமிழில் எழுதுவோர்க்கு அதில் வேறொரு கணக்கும் உண்டு. அதனை உணரக் கணினி நம் வீடுகளுக்கு வந்த வரலாற்றைச் சற்றே நோக்குதல் நலம்.

பினாங்குக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. சுங்கவரியற்ற துறைமுகம் என்னும் சலுகையை 1969இல் இழந்த அத்தீவை வேலையின்மை வாட்டியது. அவ்வாண்டே முதலமைச்சர் பொறுப்பேற்ற டாக்டர் லிம் சோங் இயூ மின்னணுத் தொழிலை நாடினார். பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் 1972இல் உருவாயிற்று. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் நிறுவியது. சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதும் அங்கு நிகழ்ந்த பணிகள். அத்தகைய தொழிற்சாலைகளில் கண்ணும் விரலும் நோக உழைத்தோருள் பெரும்பாலோர் இளம்பெண்களே.

சில்லு பிறந்த ஊராயினும், ஜார்ஜ் டவுன் வீடுகளுக்குக் கணினி உடனே வந்துவிடவில்லை. ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை இன்டெல் 8088 சில்லுடன் 1981இல் வெளியிட்டது. 1985இல் 386, 1989இல் 486, 1993இல் பெண்டியம் எனச் சில்லுகள் ஒன்றையொன்று பின்தள்ளின. 1995இல் வந்த விண்டோஸ் 95 இயங்க 4 மெகாபைட் நினைவகம் போதும் எனப்பட்டது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி குறைந்தது 64 மெகாபைட் கேட்டது. ஆறே ஆண்டுகளில் தேவை பதினாறு மடங்காயிற்று. நினைவகத்தைச் சிறிது கூட்டி ஓரிரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டவரும் இறுதியில் புதிய பெட்டியையே நாட நேர்ந்தது.

இனித் தமிழின் நிலையைக் காண்போம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தார். கணினிக் காலத்திலும் இம்மண் பின்தங்கவில்லை. மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருள், கணினியில் தமிழை எளிதாக்கியது. எனினும் 1990களில் எழுத்துருக்கள் பல பெருகின. ஒவ்வொன்றும் தனக்கெனக் குறியீட்டு முறை கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் அடித்த கட்டுரை வேறொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீட்டுத் தரங்களும் அமைந்தன. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆயினும் விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவை வந்த பின்னரே அது பெருவாரியான மேசைகளை எட்டியது.

இங்கே ஒரு நுட்பத்தை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம். பழைய முறைகளில் ‘கெ’ என்னும் எழுத்துக்கு முதலில் கொம்பும் பின்னர்க் ககரமும் பதிவாயின. கண்ணுக்குத் தோன்றும் வரிசை அது. ஒருங்குறியில் ககரம் முன்னும் எகரக் குறி பின்னும் நிற்கும். உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் ஒலிக்கும் என்ற இலக்கண நெறியோடு இது பொருந்துவது காண்க. இவ்வேறுபாட்டினாலேயே பழைய கோப்பினைப் புதிய கணினியில் படிக்க மாற்றி என்னும் மென்பொருள் தேவைப்படுகின்றது.

ஆகவே பழைய கணினியை எறிந்தபோது பல வீடுகளில் எழுத்தும் உடன் எறியப்பட்டது. திருவிழா மலர், பள்ளி நாடகம், பாடக்குறிப்பு ஆகியன நெகிழ்வட்டில் இருந்தன. அவ்வட்டை ஏற்கும் வாயில் இன்றைய கணினிகளில் இல்லை. எழுத்துருவும் இல்லை.

இவ்வினா இப்பொழுது மீண்டும் எழுந்துள்ளது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூற்றை வேண்டுகின்றது. இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் 2017இல் அறிமுகமான எட்டாம் தலைமுறை முதலானவற்றையே அது ஏற்கும். நல்ல நிலையில் இயங்கும் பொறியும் இவ்விதியால் பழையதாகின்றது.

முடிவெடுக்கும் முறை கடினமன்று. குறை வேகத்தில் மட்டுமெனில், சுழலும் வட்டினை நீக்கித் திடநிலை வட்டினைப் பொருத்துவதும் நினைவகத்தைக் கூட்டுவதும் போதும். செயலியே ஏற்கப்படாதெனில் நினைவகம் கூட்டிப் பயனில்லை. அப்பொழுதும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தலாம். ஒருங்குறித் தமிழ் அதில் நன்கு இயங்கும். தாய்ப்பலகை பழுதாயின் புதியது வாங்குதலே தக்கது. ஏனெனில் புதிய பலகை பழைய நினைவகத்தையும் செயலியையும் பெரும்பாலும் ஏற்பதில்லை.

எம்முடிவாயினும் முதற்கடமை ஒன்றே. பழைய பொறி இயங்கும்போதே தமிழ்க் கோப்புகளைத் திரட்டுக. அவற்றின் எழுத்துருக்களையும் உடன் சேமிக்க. பின்னர் ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துக. இப்பணியைத் தமிழ்க் கழக மாணவர் குழுக்கள் மேற்கொள்ளின் ஊர்தோறும் ஓர் ஆவணக்காப்பகம் உருவாகும். எஞ்சும் பொறியைக் குப்பையில் இடலாகாது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் மின்னணுக் கழிவை எஸ்.டபிள்யூ. 110 என்னும் அட்டவணைக் கழிவாக வகுத்துள்ளன. உரிமம் பெற்றோரிடமே அது சேர்தல் வேண்டும்.

ஏடு பெயர்த்து எழுதியோரின் பெயர்களை நாம் அறியோம்; அவர்கள் காத்த நூல்களைக் கற்கின்றோம். கணினி மாற்றும் ஒவ்வொருவரும் அப்பணிக்கு உரியவரே.