அடிவயிற்று மூச்சின் வரலாறு: மாவாங்துய் கல்லறையிலிருந்து திருகோணமலை வரை

சீனாவின் ஹூனான் மாகாணத்தில் சாங்ஷா நகரை ஒட்டி மாவாங்துய் என்றொரு மேடு உண்டு. 1973-இல் அங்கே மூன்றாம் எண் கல்லறையைத் தோண்டியபோது, கி.மு. 168-இல் அடக்கம் செய்யப்பட்டவரோடு பட்டுத்துணியிலும் மூங்கில் சிலாகைகளிலும் எழுதிவைத்த மருத்துவ நூல்கள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று ஓவியம். ஆணும் பெண்ணுமாக 44 உருவங்கள் குனிந்தும் நிமிர்ந்தும் கையை நீட்டியும் நிற்கின்றன. இன்று சீகொங் என்று உலகம் அழைக்கும் உடலசைவு மூச்சுப் பயிற்சிகளின் மூதாதையான தாவோயின் பயிற்சிக்குக் கிடைத்த மிகப் பழைய படம் இதுவே.

ஓவியத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். இக்கட்டுரைக்கு வேண்டியது அதன் பக்கத்தில் கிடந்த சிலாகைகள். விடியலில் எழுந்து உட்கார்ந்து, முதுகுத்தண்டை நிமிர்த்தி, பிட்டத்தைத் தளர்த்தி, ஆசனவாயைச் சுருக்கி, மூச்சைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும் என்று அவற்றுள் ஒரு நூல் சொல்கிறது. இடுப்புத்தளத் தசைகளை வேண்டுமென்றே இயக்கச் சொல்லும் எழுத்துச் சான்றுகளில் இதைவிடப் பழையதொன்றை எளிதில் காட்ட முடியாது. ஆனால் அந்த நூல் மகப்பேற்று நூலும் அல்ல, சிறுநீர்க் கசிவுக்கான மருந்தேடும் அல்ல. அது படுக்கையறைக் கலை பற்றியது. ஆண் தன் விந்தை வீணாக்காமல் காப்பதே அதன் நோக்கம்.

இடுப்புத்தளப் பயிற்சியின் வரலாற்றை அறுபடாத ஒரே மரபாகக் காட்டுவது இன்றைய சீகொங் வகுப்புகளிலும் யோக வகுப்புகளிலும் வழக்கமாகிவிட்டது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. தசை ஒன்றுதான். யாருக்காக, எதற்காக அதை இழுத்தார்கள் என்பது காலந்தோறும் மாறியிருக்கிறது. இழுப்பதற்கு மூச்சின் எந்தத் தருணத்தைத் தேர்ந்தார்கள் என்று பார்த்தாலே நோக்கம் பிடிபட்டுவிடும்.

பின்னாளைய தாவோ மரபில் ஆசனவாயை மேலிழுப்பது நீள் ஆயுளுக்கான அன்றாடப் பழக்கமாயிற்று. சிங் வம்சப் பேரரசர் சியென்லுங் கடைப்பிடித்ததாகச் சொல்லப்படும் பட்டியலிலும் அது இருக்கிறது. அவர் 1711 முதல் 1799 வரை வாழ்ந்தார் என்பதால் பட்டியலுக்கு மவுசு அதிகம். அவர் பெயரால் அது வழங்குவது செவிவழிச் செய்தி என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். உள்ளிழுக்கும் மூச்சோடு மேலிழுத்து, வெளிவிடும்போது தளர்த்துவது அந்த மரபில் பரவலான முறை. பெண்களுக்கென்று தனி உள்ளியக்கப் பயிற்சி நூல்கள் சீனத்தில் பெருகியது பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில்தான். அவற்றிலும் பேறுகாலத்துக்குப் பின் தளர்ந்த உடலைத் தேற்றுவது பேச்சே இல்லை. மாதவிடாயை நிறுத்தி உடலைத் துறவுக்கு ஆயத்தம் செய்வதே குறி.

இந்தியப் பக்கமும் கதை இதேதான். பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை மூலபந்தத்தை விவரிக்கிறது: கருவாய்க்கும் எருவாய்க்கும் இடைப்பட்ட இடத்தைக் குதிகாலால் அழுத்தி, குதத்தைச் சுருக்கி, கீழே போகும் அபானனை மேலே திருப்ப வேண்டும். இங்கே தருணம் வேறு. மூச்சை உள்ளே நிறுத்தி வைக்கும் கும்பகத்தோடு பந்தம் கூடுகிறது. விந்து கீழிறங்காமல் தடுப்பதும் அபானனைப் பிராணனோடு சேர்ப்பதும் நோக்கமானால் அடைத்து நிறுத்துவதுதான் பொருத்தம். திருமூலர் முதலான தமிழ்ச் சித்தர் மரபு மூலாதாரத்தைப் பற்றிப் பேசுவதும் இந்தத் துறவியின் உடலை முன்வைத்தே.

சீன முறையும் தமிழ் முறையும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவையா? போகர் சீனம் போய்வந்தார் என்ற சித்தர் கதையை இந்த இடத்தில் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். கதைக்கு அழகு உண்டு, ஆனால் இந்தக் கேள்விக்கு அது சான்றாகாது. திருகோணமலையில் கப்பல்துறைக்குப் பக்கத்தில் சீனக்குடா என்று ஓரிடம் இருப்பதும் அப்படித்தான். இலங்கையில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சீன–தமிழ்ச் சான்று வேறொன்று. கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு காலி நகரில் 1911-இல் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கைகளை அடுக்குகிறது. பொன், வெள்ளி, பட்டு எல்லாம் வருகின்றன. மூச்சுப் பயிற்சி வரவில்லை. கப்பல் வந்தது என்பதால் கலையும் வந்திறங்கியது என்று எழுத முடியாது.

பெண்ணின் நோவுக்கு மருந்தாக இந்தத் தசை கவனம் பெற்றது இருபதாம் நூற்றாண்டில். பம்பாயில் சீதாதேவி யோகேந்திரா பெண்களுக்கான யோக நூலை 1934-இல் வெளியிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, லண்டன் செயின்ட் தாமஸ் வைத்தியசாலையின் மின்னி ரேண்டலும் நடனக் கலைஞர் மார்கரெட் மாரிஸும் சேர்ந்து மகப்பேற்றுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் பிந்திய பயிற்சிகளைப் பற்றி நூல் எழுதினார்கள். நடனக்காரி கை வைத்ததால் அதில் அசைவும் மூச்சும் கூடவே இருந்தன. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னல்ட் கெகல் வேறு வழியில் போனார். சுருக்கத்தின் அழுத்தத்தை அளக்க ஒரு கருவி செய்து, தசையைத் தனியே பிரித்து, எண்ணிக்கை வைத்துப் பழக்கினார். அளக்க முடிந்ததால் மருத்துவம் அவரை ஏற்றுக்கொண்டது. அசைவும் மூச்சும் உதிர்ந்துபோயின.

சீனத்தில் அதே ஆண்டுகளில் எதிர்த்திசையில் ஒரு வேலை நடந்தது. வயிற்றுப்புண்ணால் அவதிப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர் லியு குய்சென் கிராமத்துப் பெரியவர் ஒருவரிடம் மூச்சுப் பயிற்சி கற்றுத் தேறினார். 1949 வாக்கில் கட்சியின் சுகாதார ஊழியர்கள் அதிலிருந்த சமயச் சொற்களைக் களைந்து, சீகொங் என்ற பெயரில் மருத்துவமனைக்குள் கொண்டுவந்தனர். அவருடைய நூல் 1957-இல் வெளிவந்தது. நம் பொருளுக்கு அவரைவிட நெருக்கமானவர் குவோ லின். ஓவியரான அவருக்கு 1949-இல் கருப்பைப் புற்றுநோய் கண்டது. அறுவைக்குப் பிறகும் நோய் திரும்பியது. குடும்பத்தில் சிறுவயதில் கற்றதையும் பழைய ஏடுகளையும் கொண்டு, நடந்தபடியே செய்யும் பயிற்சியொன்றை அவர் அமைத்தார். மூக்கால் இரண்டு சிறு இழுப்பு, ஒரு விடுப்பு. கைகள் இடுப்பளவில் பக்கவாட்டில் வீசிவர, மெதுவான நடை. கலாசாரப் புரட்சி முடியாத 1970களின் தொடக்கத்திலேயே பெய்ஜிங் பூங்காக்களில் இதைக் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். புற்றுநோய் இதனால் தீரும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை, அதைத் தெளிவாகவே சொல்ல வேண்டும். ஆனாலும் மூடிய அறையில் குருவிடமிருந்து சீடனுக்குப் போன ஒன்று, இடுப்பில் நோய் கண்ட ஒரு பெண்ணின் கையால் வெட்டவெளிக்கு வந்தது சிறிய மாற்றமல்ல.

திருகோணமலை இந்த வரலாற்றுக்குள் நுழைவது யோகத்தின் வழியாக. பத்தமடையில் பிறந்து மலாயாவில் மருத்துவராக இருந்த சுவாமி சிவானந்தர், தம் சீடரான சுவாமி சச்சிதானந்தாவை 1953-இல் இலங்கைக்கு அனுப்பினார். கோவை மாவட்டச் செட்டிபாளையத்தில் பிறந்த சச்சிதானந்தா முதலில் திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் பணியாற்றினார். சிவானந்த மரபில் மூலபந்தமும், குதத்தைச் சுருக்கித் தளர்த்தும் அசுவினி முத்திரையும் பிரமச்சரியத்தோடு மூலநோய், மலச்சிக்கல் ஆகியவற்றுக்கும் பரிந்துரைக்கப்பட்டன. துறவியின் பயிற்சி குடும்பஸ்தரின் மருந்தாக மாறும் இடம் அது. சச்சிதானந்தா 1966-இல் அமெரிக்கா போனார், 1969-இல் உட்ஸ்டாக் விழாவைத் தொடக்கிவைத்துப் பேசினார். அவரிடம் பயின்ற மருத்துவர் டீன் ஆர்னிஷ் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பநிலைப் புராஸ்டேட் புற்றுநோய் கொண்ட 93 ஆண்கள் இடம்பெற்றனர். மரக்கறி உணவு, நடை, மென்மையான யோகம், மூச்சுப் பயிற்சி எல்லாம் கலந்த வாழ்முறையைப் பின்பற்றியவர்களுக்கு நோய்க்குறியீட்டு அளவு சற்றே இறங்கியது, மற்றவர்களுக்கு ஏறியது. இதில் மூச்சின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்விலிருந்து பிரித்தெடுக்க இயலாது.

மூச்சின் தருணத்துக்கு வருவோம். 2011-இல் ஹெலேனா டலாஸும் சக ஆய்வாளர்களும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் மூச்சு விடுபவர்களை நேரலையாகப் படமெடுத்தார்கள். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்க, இடுப்புத்தளமும் கூடவே இறங்கியது. விடும்போது இரண்டும் சேர்ந்து ஏறின. ஆகவே வெளிமூச்சோடு மேலிழுப்பது உடல் தானாகவே செய்வதற்குத் துணை போவது. இன்றைய இயன்முறை மருத்துவர்கள் பலரும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். உள்மூச்சோடு இழுக்கும் பழைய சீன முறையும் நிறுத்திப் பிடிக்கும் கும்பகமும் அந்த இயல்புக்கு எதிராகத் தசையை வேலை வாங்குகின்றன. சக்தியைத் தேக்க நினைத்தவனுக்கு அந்த எதிர்ப்புத்தான் வேண்டியிருந்தது. மூன்று பிள்ளை பெற்று, இருமினால் சீலை நனையும் பெண்ணுக்கு அது வேண்டியதில்லை. பண்டைய முறை தவறு, புதியது சரி என்ற வழக்கல்ல இது. கேட்டவர்கள் வேறு, ஆகவே கிடைத்த விடைகளும் வேறு.

இன்றைய மென்மையான சீகொங் வகுப்பில் நடப்பதைப் பார்த்தால் இந்தக் கலப்பு தெரியும். தோளகலத்துக்குக் கால் வைத்து, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, வால் எலும்பு கீழே தொங்குவதுபோல் நிற்பார்கள். கைகள் மெல்ல எழும்போது மூச்சு உள்ளே வர, அடிவயிறும் இடுப்பின் அடியும் விரியும். உள்ளங்கைகள் கீழ்நோக்கி இறங்கும்போது மூச்சை விட்டு, சிறுநீரை அடக்குவதுபோல் இலேசாக மேலிழுப்பார்கள். நிலை சீன மரபுடையது, இழுக்கும் நேரம் எம்.ஆர்.ஐ. காலத்துடையது. பாதுவான்ஜின் என்ற சீகொங் வரிசையின் கடைசி அசைவில் மட்டும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. குதிகாலை உயர்த்தி ஏழுமுறை தரையில் பொத்தென்று விடச் சொல்வார்கள். கருப்பை இறக்கம் உள்ளவருக்கு அந்த அதிர்ச்சி நல்லதல்ல. உயர்த்திய குதிகாலை மெதுவாக இறக்கினால் போதும்.

பயன் பற்றிய சான்றுகளில் கெகல் வழியே இன்றும் முன்னால் நிற்கிறது. காரி போ தலைமையில் நார்வேயில் 107 பெண்களிடம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், இடுப்புத்தளப் பயிற்சி மின்தூண்டலையும் கூம்பு எடைகளையும் விஞ்சியது. யோகத்துக்கு 2024-இல் ஒரு நல்ல சோதனை வந்தது. கலிபோர்னியாவில் ஆலிசன் ஹுவாங் குழு 240 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இடுப்புக்கான யோகமும் மறு பகுதிக்குப் பொதுவான உடற்பயிற்சியும் 12 வாரம் கொடுத்தது. இரு பகுதியிலும் கசிவு வெகுவாகக் குறைந்தது, இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மூலபந்தத்துக்கென்று தனி மகிமை தேடுவோருக்கு இது ஏமாற்றம்தான். முழங்கால் வலியோடு வரும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கோ நல்ல செய்தி, எதைச் செய்ய முடியுமோ அதைச் செய்யலாம்.

ஒரு விலக்கையும் சொல்ல வேண்டும். இடுப்பு வலி உள்ள சிலருக்குத் தசை தளர்ந்திருப்பதில்லை, முறுக்கேறிக் கிடக்கும். அவர்களை மேலும் இழுக்கச் சொன்னால் வலி கூடும். 1957-இல் ஷாங்காய் சீகொங் மருத்துவர்கள் வகுத்த தளர்த்தல் பயிற்சி அவர்களுக்கு ஏற்றது: தலை முதல் பாதம் வரை ஒவ்வோர் இடமாக நினைவைச் செலுத்தி, விடும் மூச்சோடு இளக்கிக்கொண்டே வருவது. கற்பிக்க முன் இந்த இருவகையையும் பிரித்தறியப் பயிற்சி பெற்ற ஒருவர் பரிசோதிப்பது நல்லது.

இப்பயிற்சிகளுக்குத் திருகோணமலையில் இடம் தேடினால், கப்பல்துறையில் ஆயுர்வேத வைத்தியசாலை இயங்குகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டப்படிப்பும் நடக்கிறது. 1961-ஆம் ஆண்டின் 31-ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள் சித்தத்தையும் யுனானியையும் தேசிய சிகிச்சையையும் அடக்குகிறது. தத்தம் அரசுகள் ஏற்ற பிற ஆசிய நாட்டு மருத்துவ முறைகளுக்கும் அதில் இடம் வைத்திருக்கிறது. களுபோவில வைத்தியசாலையில் மருத்துவர் அன்டன் ஜயசூரிய அக்குபங்சரைப் பல ஆண்டுகள் நடத்திக்காட்டியதால் சீன முறை இலங்கை அரச வைத்தியசாலைக்குள் நுழைவதும் புதிதல்ல. 1996-இல் தொடங்கிய சுவநாரி எனும் பெண்நலக் கிளினிக்குகள் முப்பத்தைந்து வயதுப் பெண்களைக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு ஏற்கெனவே அழைக்கின்றன. சிறுநீர் கசிகிறதா, அடி இறங்கியதுபோல் இருக்கிறதா என்று கேட்பதற்கு அதே மேசை போதும். அங்கிருந்து மூச்சுப் பயிற்சிக்கு அனுப்புவது சித்த வைத்தியரிடமா, இயன்முறை மருத்துவரிடமா என்பதை மாகாண சுகாதாரத் திணைக்களமும் சுதேச மருத்துவத் திணைக்களமும் கூடிப் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.