விடுபட்டோர் பதினொருவர்

தொகுத்தல் தமிழுக்குப் பழைய கலை. 4 முதல் 8 அடி வரையுள்ள அகப்பாடல்களைக் குறுந்தொகையாகவும், 13 முதல் 31 அடி வரையுள்ளவற்றை அகநானூறாகவும் வகுத்துவைத்தனர் நம் முன்னோர். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்பது தெரிகிறது. புறநானூற்றைத் தொகுத்தவர் யாரென்று தெரியவில்லை. அவர்கள் எடுத்தவை நம் கையில் இருக்கின்றன. விட்டவை எவை என்று கேட்க வழியே இல்லை. ஒரு விளையாட்டுப் பருவம் முடிந்ததும் அன்பர்கள் தத்தமக்கென எழுதிக்கொள்ளும் சிறந்த அணியின் பட்டியலையும் இம்மரபில் வைத்தே நாம் நோக்குகிறோம்.

மேலைநாட்டில் இவ்வழக்கம் 1889இல் வேர்கொண்டது எனலாம். அவ்வாண்டு இங்கிலாந்தின் விஸ்டன் ஆண்டுமலர் சிறந்த பந்துவீச்சாளர் அறுவரைத் தேர்ந்து வெளியிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்துக்கு 'அனைத்து அமெரிக்க அணி' ஒன்று எழுதப்பட்டது. பேஸ்பாலுக்கு ஸ்போர்ட்டிங் நியூஸ் இதழ் 1925 முதல் ஆண்டுதோறும் இவ்வாறு அணி வகுத்தது. 1933 சூலை 6 அன்று, சிகாகோ டிரிப்யூன் இதழின் ஆர்ச் வார்டு எடுத்த முயற்சியால், தேர்ந்தெடுத்த அணிகள் இரண்டு சிகாகோவில் மோதின. ஏட்டிலிருந்த பட்டியல் மைதானத்தில் இறங்கிய நாள் அது. நம் சென்னையும் பின்தங்கிவிடவில்லை. எஸ்.கே. குருநாதனை ஆசிரியராகக் கொண்டு 1947இல் தோன்றிய 'இந்தியன் கிரிக்கெட்' ஆண்டுமலர், விஸ்டனைப் பின்பற்றி, ஆண்டுக்கு ஐவரைத் தேர்ந்து சிறப்பித்து வந்தது.

தேர்வுக்குழு என ஒன்று இருக்க, தனியொருவரின் பட்டியல் எதற்கு? விடை 1934 நவம்பர் 4இல் இருக்கிறது. சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். மைசூர் 48, 59, சென்னை 130. ஒரே நாளில் முடிந்த அவ்வாட்டத்தில் ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் வீழ்த்தினார். பின்னாளில் அவருடைய மைந்தர்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினர். தந்தைக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவேயில்லை. அதே ஆட்டத்தில் முதல் பந்தை வீசிய எம்.ஜே. கோபாலன் 1936இல் ஹாக்கி அணியோடு பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லாமல் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து சென்றார். அங்கே ஒரு டெஸ்டிலும் அவரை இறக்கவில்லை. வாழ்நாளில் அவர் ஆடிய டெஸ்ட் ஒன்றே.

எனவே நாம் ஒரு விதி வகுத்துக்கொண்டோம்: சென்னைக்கோ தமிழ்நாட்டுக்கோ ஆடியிருக்க வேண்டும், இரண்டு டெஸ்டுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. தொடக்க ஆட்டத்துக்கு வி. சிவராமகிருஷ்ணன், விக்கெட் காப்புக்கும் சேர்த்து பி.கே. பெல்லியப்பா. அடுத்து, 1981இல் ஆக்லாந்தில் ஆடிய ஒரே டெஸ்டோடு நின்றுபோன டி.இ. சீனிவாசன். ஒரு டெஸ்டும் ஆடாமல் பின்னாளில் தேசியத் தேர்வாளருள் ஒருவரான எஸ். சரத். எஸ். பத்ரிநாத், அப்துல் ஜப்பார், ராம்சிங், கோபாலன். வேகத்துக்கு டி.ஏ. சேகர். சுழலுக்கு, தாம் ஆடிய முதல் டெஸ்டின் முதல் இன்னிங்சிலேயே 5 விக்கெட் எடுத்தும் இரண்டே டெஸ்டுகளோடு நிறுத்தப்பட்ட வி.வி. குமார். அவருக்குத் துணையாக எஸ். வாசுதேவன். 1987-88 பருவத்தில் ரஞ்சிக் கோப்பையைத் தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்த தலைவர் ஆதலின் இவ்வணிக்கும் அவரே தலைவர்.

இவ்வணியை எந்த அணியோடும் நாம் மோதவிட இயலாது. ஆயினும் பதினொரு பெயர்களும் ஒரே மூச்சில் உச்சரிக்கப்படும் இடம் இது ஒன்றுதான்.

நத்தத்தில் வாழும் நமக்கு இக்கலையைப் பழகத் தொலைவு போகவேண்டியதில்லை. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது முதல் இங்குள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்திலும் அதன் ஆட்டங்கள் நடந்து வருகின்றன. 2025இல் இறுதியாட்டமே இங்கு நடைபெற்றது. 2017இல் 459 ஓட்டங்களும் 15 விக்கெட்டும் எடுத்த வாஷிங்டன் சுந்தரை எவர் பட்டியலும் விடாது. அதில் நம் திறம் ஒன்றுமில்லை. தொகுப்பாளரின் தரம் ஏழாவது, எட்டாவது இடங்களில் தெரியும். இக்கட்டான வேளையில் வீசிய இரண்டு ஓவரும், எல்லைக்கோட்டில் தடுத்த நான்கு ஓட்டமும் புள்ளிவிவரத்தில் ஒளிந்துகொள்ளும்; கண்டவர் எழுதினால்தான் உண்டு. அதனால் இறுதியாட்டம் முடிந்த சில நாட்களுக்குள் பட்டியலை எழுதிவிடுவது நலம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரிக் காரணமும் சேர்த்து.

நம் பதினொருவரிலும் விடுபட்டோர் உண்டு. 1954-55இல் சென்னைக்கு முதல் ரஞ்சிக் கோப்பையை வென்று தந்த தலைவர் பாலு அழகண்ணன், வேகப்பந்து வீச்சாளர் பி. கல்யாணசுந்தரம் ஆகியோருக்கு இடம் போதவில்லை. அவர்களுக்காக வாசகர் ஒருவர் வேறொரு பட்டியல் எழுதுவாராயின், அதுவே இக்கட்டுரைக்குத் தக்க மறுமொழி.