வெள்ளம் தாங்கும் நெல்: சப்1ஏ மரபணு கண்டறியப்பட்ட வரலாறு

முன்னுரை

வறட்சி, உவர், வெப்பம், வெள்ளம் முதலிய சூழல் அழுத்தங்களைத் தாவரங்கள் மூலக்கூறு நிலையில் எதிர்கொள்ளும் முறை பற்றிய ஆய்வுகள் பல. அவற்றுள் உழவரின் வயலைச் சென்றடைந்தவை சிலவே. அச்சிலவற்றுள் முதன்மையானது நெல்லின் சப்1ஏ மரபணு குறித்த ஆய்வாகும். அதன் வரலாற்றை 2006இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அம்மரபணு எங்கிருந்து கிடைத்தது என்பதை நோக்கின், அத்தொடக்கம் பொருந்தாது என்பது புலனாகும்.

நாட்டு இரகமும் மரபணு வரைபடமும்

நெல் நீரை விரும்பும் பயிரே எனினும், முற்றிலும் மூழ்கினால் பெரும்பாலான இரகங்கள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் மடிகின்றன. ஒடிசாவின் நாட்டு இரகம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர்.13ஏ இரண்டு வாரம் வரை தாங்கியது. அதனை உயர்விளைச்சல் இரகங்களுடன் கலப்பினம் செய்தபோது, தாங்குதிறனோடு வேண்டாத பண்புகளும் உடன் வந்தன. அவ்வழித்தோன்றல்கள் உழவரிடையே பரவவில்லை. 1996இல் கெனாங் சூவும் டேவிட் மெக்கிலும், தாங்குதிறனின் பெரும்பகுதி 9ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தைச் சார்ந்தது எனக் காட்டினர். அவ்விடமே சப்1 எனப் பெயர் பெற்றது.

அடுத்து நேர்ந்த இடர்ப்பாடு அறிவியல் வரலாற்றில் தனிக் கவனத்திற்குரியது. 2005இல் முழுமையாக வெளியிடப்பட்ட நெல் மரபணுத்தொகுதி நிப்பான்பாரே என்னும் ஜப்பானிக்கா இரகத்தினுடையது. உலகமே அளவுகோலாகக் கொண்ட அத்தொகுதியில் சப்1ஏ இல்லவே இல்லை. எஃப்.ஆர்.13ஏ வழிவந்த நெல்லின் டி.என்.ஏ.வைப் படித்த பின்னரே அது வெளிப்பட்டது. நாட்டு இரகம் அழிந்திருந்தால் தேட வேண்டியது இன்னதென்றே ஆய்வகம் அறிந்திராது.

மூலக்கூறு நிலையில் நிகழ்வது

மூழ்கிய பயிரின் திசுக்களில் எத்திலீன் வாயு வெளியேற இயலாமல் தேங்குகிறது. சாதாரண நெல்லில் இது ஜிப்ரலினின் செயலைத் தூண்ட, இலைகள் நீர்மட்டத்தை எட்ட விரைந்து நீள்கின்றன. சேமித்த மாவுச்சத்து அம்முயற்சியிலேயே தீர்ந்து, நீர் வடியுமுன் பயிர் சாய்கிறது. சப்1ஏ இயங்கும் பயிரில் அதே எத்திலீன் வேறு விளைவைத் தருகிறது. ஜிப்ரலினின் குறிப்பை அடக்கும் எஸ்.எல்.ஆர்.1, எஸ்.எல்.ஆர்.எல்.1 ஆகிய புரதங்கள் மிகுகின்றன, வளர்ச்சி நிற்கிறது, சேமிப்பு எஞ்சுகிறது. வெள்ளம் வடிந்தபின் பயிர் மீண்டும் துளிர்க்கிறது. இங்குத் தகவமைப்பு என்பது வளராதிருத்தலே.

இதற்கு நேர்மாறானது ஆழ்நீர் நெல். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த ஸ்னார்க்கல் 1, 2 மரபணுக்கள் எத்திலீனைக் கொண்டே தண்டை விரைந்து நீளச் செய்கின்றன. இவையும் சப்1ஏயும் ஒரே புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. திடீரென வந்து வடியும் வெள்ளத்திற்கு அடங்கியிருத்தலும், மாதக்கணக்கில் நிற்கும் ஆழ்நீருக்கு நீளுதலும் உரிய வழிகளாகின்றன.

வயலில் சப்1

சப்1 பகுதியை மட்டும் குறிப்பான்வழிப் பின்கலப்பால் சுவர்ணா இரகத்தில் சேர்த்து உருவாக்கப்பட்ட சுவர்ணா-சப்1 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டில் சி.ஆர்.1009 இரகமும் இம்முறையில் சப்1 பெற்றது. மூலக்கூறு ஆய்வின் உண்மையான பங்கு இதுவே: அது தாங்குதிறனைப் படைக்கவில்லை; வேண்டாத பண்புகளிலிருந்து பிரித்தெடுத்தது. ஆயினும், வாரக்கணக்கில் அரைகுறையாகத் தேங்கும் நீரில் வளர்ச்சியை அடக்கும் இப்பண்பே பயிருக்குப் பாதகமாகலாம். நேரடி விதைப்பில் முளைக்கும் பருவத்தில் நீர் சூழ்ந்தாலும் சப்1ஏ உதவுவதில்லை; அதற்குரிய மரபணுக்கள் வேறு நாட்டு இரகங்களில் தேடப்படுகின்றன.