அத்தக்கூலியும் அன்றாடங்காய்ச்சியும்

அத்தம் என்பதற்குக் கை என்று பொருள் கொண்டு, வேலை முடிந்ததும் கையில் கொடுக்கப்படுவதால் அத்தக்கூலி என்று பெயர் வந்தது என எழுதுவோரும், அத்தம் கதிரவனின் மறைவைக் குறிப்பதால் பொழுது சாயும்போது பெறுவதே அத்தக்கூலி என எழுதுவோரும் உளர். மாதச் சம்பளமும் நெடுங்காலம் கையில்தான் கொடுக்கப்பட்டது என்பதை முன்னவர் எண்ணவில்லை. மூட்டை தூக்குவோர் உச்சிவேளையிலேயே கூலி வாங்கிக்கொண்டு போவதைப் பின்னவர் பார்க்கவில்லை.

உண்மையில் அது அற்றைக்கூலி, அதாவது அன்றன்றைக்குரிய கூலி. அன்று என்பது மென்றொடர்க் குற்றியலுகரம், அதாவது ஈற்று உகரம் ஊர்ந்த வல்லினத்துக்கு முன் மெல்லின மெய் நிற்கும் சொல். அது வன்றொடராகத் திரிந்து ஐகாரம் பெற்று அற்றை என்றாவதும், இன்று என்பது இற்றை என்றாவதும் ஒரே நெறிதான். இவ்வாறு ஐகார ஈறு பெறும் குற்றுகரங்களை நன்னூலும் தனியே சுட்டும். பாரி மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாடல் அற்றையையும் இற்றையையும் எதிரெதிரே நிறுத்துவதை அறிந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. காற்று காத்தாகவும் நெற்றி நெத்தியாகவும் ஒலிக்கும் நாவில், மற்றை மத்த என்று குறுகுவது போல அற்றையும் அத்த என்று குறுகிற்று.

கூலி என்னும் சொல் உடலுழைப்பின் பயன் என்ற பொருளிலேயே குறள் 619இல் ஆளப்பட்டுள்ளது. சிலப்பதிகார ஊர்காண் காதை காட்டும் மதுரைக் கூல வீதியின் கூலத்தோடு, அதாவது தவசத்தோடு, இதை இணைப்பது பொருந்தும். தவசத்தை அளந்து கொடுத்ததன் தடம் படியாள் என்ற பெயரிலும், அரசு ஊழியர் இன்றும் பெறும் பஞ்சப்படியிலும் எஞ்சியிருக்கிறது. சம்பளத்தைச் சம்பா நெல்லாகவும் உப்பளமாகவும் பிரித்துக் காட்டுவதோ சேலரி என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சொல்லப்படும் உப்புக் கதையைப் பார்த்து வார்த்தது போல இருக்கிறது.

அத்தக்கூலி வருவாயால் அமைந்த பெயர்; அன்றாடங்காய்ச்சி செலவால் அமைந்த பெயர். பேச்சில் இது அன்னாடங்காச்சி என ஒலிப்பதால் இதில் அன்னத்தைக் காண்போர் உண்டு. பன்றி பன்னியாவதை அறிந்தவர் இவ்வாறு மயங்கார். அன்னம் உண்மையில் இடம்பெறும் சொல் அன்னக்காவடி, அது இரந்துண்பவனைக் குறிப்பது. மேலும் சோற்றை ஆக்குவர், வடிப்பர், காய்ச்சப்படுவது கஞ்சி. பொழுது சாய்ந்தபின் கடைக்கு வந்து, படியில் எட்டில் ஒரு பங்காகிய ஆழாக்குக் கணக்கில் நொய்யும், கொண்டுவந்த சிறு புட்டியின் அடி நனையுமளவு எண்ணெயும் வாங்கிச் சென்று, அதன்பின் அடுப்பு மூட்டுபவனையே இப்பெயர் குறிக்கிறது; மறுநாள் காலைக்கு நீரூற்றி வைக்கப் பழையது மிஞ்சும் வீடு அவனுடையதன்று. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதை அறியாமல் அவன் சில்லறையாக வாங்குவதில்லை, கையில் இருப்பது அவ்வளவே. அதை ஊதாரித்தனம் என்போர் இந்தச் சொல்லையே சரியாகப் படிக்கவில்லை.

அன்றாடம் என்பது அன்று, ஆடு என்னும் இரண்டின் கூட்டு. இங்கே ஆடுதல் என்பது புழங்குதல், வழங்குதல். ஊரில் பண நடமாட்டம் இல்லை என்னும்போது இன்றும் இப்பொருளே நிற்கிறது. சோழர் கல்வெட்டுகள் அக்காலத்தில் செலாவணியில் இருந்த காசை அன்றாடு நற்காசு என்கின்றன. அன்று வழங்கிய காசுக்குப் பெயர் தந்த அதே கூட்டுச் சொல்தான் அதை அன்றே கஞ்சியாக்கிக் குடித்தவனுக்கும் பெயர் தந்தது. அன்னத்துக்கோ அத்தத்துக்கோ இதில் இடமே இல்லை.