ஏடுகளைக் காக்கும் அமானிதம்: டிம்பக்டு முதல் மின்னூலகம் வரை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியமிக்க ஜமாஅத்தார்களே! யமாமா போரில் குர்ஆனை நெஞ்சில் சுமந்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதானபோது உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுந்தது. அந்த அச்சத்தின் பயனாகவே, அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆணைப்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் இறைவேதத்தை ஒன்றுதிரட்டினார்கள். எழுத்தில் இருந்ததை மனனத்தோடு ஒப்பிட்டு, சாட்சியம் பெற்றே ஏற்றார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் அப்பிரதியிலிருந்து படிகள் எடுக்கப்பட்டு வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. ஒரே இடத்தில் உள்ளது அழியக்கூடும். படி எடுத்தால் அது சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். அது பல ஊர்களில் இருக்க வேண்டும். அறிவைக் காப்பதில் நம் முன்னோர் கண்ட ஒழுங்கு இதுவே. இன்று பல்கலைக்கழக நூலகங்கள் கணினியின் துணைகொண்டு நடத்தும் பெரும்பணியும் இதே ஒழுங்கின்மீதுதான் நிற்கிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க விழைகிறோம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், ஸஹாரா பாலைவனத்தின் விளிம்பில் உள்ளது டிம்பக்டு நகரம். மாலியின் மன்னர் மன்ஸா மூஸா ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பின் எழுப்பிய ஜிங்கரேபெர் பள்ளிவாசல் இன்றும் அங்குள்ளது. ஸன்கோரே பள்ளியைச் சூழ்ந்து உலமாக்களின் கல்விக் கூடங்கள் செழித்திருந்தன. உப்பும் தங்கமும் ஏற்றிவந்த ஒட்டகங்கள் கிதாபுகளையும் சுமந்து வந்தன. 1591இல் மொராக்கோப் படை அப்பகுதியைக் கைப்பற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் மாமேதை அஹ்மத் பாபா (ரஹ்) அவர்கள் சிறைபிடிக்கப்பட்டு மராகிஷ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். தம்மிடமிருந்து பறிபோனவை 1,600 நூல்கள் என்றும், தம் குடும்பத்தாரிடமிருந்த நூலகங்களில் தமதே சிறியது என்றும் அவர்கள் கூறியதாக வரலாறு பதிவு செய்துள்ளது. 1608இல் ஊர் திரும்பி, 1627இல் வஃபாத்தானார்கள்.

எஞ்சிய ஏடுகளைக் குடும்பங்கள் பெட்டிகளிலும் மண்சுவர் அறைகளிலும் தலைமுறை தலைமுறையாகக் காத்தன. ஃபிக்ஹ், ஹதீஸ், வானவியல், மருத்துவம், வணிகக் கடிதங்கள், வாங்கல் விற்றல் பத்திரங்கள் எனப் பலவும் அவற்றுள் அடக்கம். பெரும்பாலானவை அரபி மொழியின. சில ஸோங்காய், ஃபுல்ஃபுல்டே போன்ற உள்ளூர் மொழிகளை அரபி எழுத்தில் எழுதியவை. அம்முறைக்கு 'அஜமி' என்று பெயர். நமது அரபுத்தமிழும் இதே வகையைச் சேர்ந்தது என்பதை அறிவோர் அறிவர்.

இனி, பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் காலேஜ்வில் என்ற சிற்றூரில் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் உள்ளது. அதனை நிறுவியவர்கள் பெனடிக்ட் சபைக் கிறிஸ்தவத் துறவிகள். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் பழம்பெரும் மடங்கள் தகர்ந்ததைக் கண்டவர்கள், அணுஆயுதப் போர் மூண்டால் எஞ்சியவையும் போய்விடுமே என்று அஞ்சினார்கள். எனவே 1965இல் ஆஸ்திரிய மடங்களின் ஏடுகளை மைக்ரோஃபிலிம் சுருள்களில் படமெடுக்கத் தொடங்கினார்கள். இன்று அது 'ஹில் அருங்காட்சியகமும் கையெழுத்துப் பிரதி நூலகமும்' என்று அழைக்கப்படுகிறது. 1970களில் எத்தியோப்பியாவிலும் இப்பணி நடந்தது. 2003இல் சுருளை விட்டு டிஜிட்டல் கேமராவுக்கு மாறி, லெபனானில் பணியைத் தொடங்கியது அந்நூலகம். பின்னர் ஈராக்கிலும், பைத்துல் முகத்தஸ் நகரில் உள்ள முஸ்லிம் குடும்ப நூலகங்களிலும் அப்பணி தொடர்ந்தது.

படி எடுக்காமல் விட்டதன் விலை என்ன என்பதைப் போஸ்னியா நமக்குக் கற்பித்தது. 1992 மே 17 அன்று ஸராயேவோ நகரின் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் குண்டுவீச்சில் தீக்கிரையானது. அரபி, துருக்கி, பாரசீகம், அரபி எழுத்திலான போஸ்னிய மொழி ஆகியவற்றில் அமைந்த 5,000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி ஒரே நாளில் சாம்பலானது. அதன்பின் அறிஞர்கள் ஒரு வழி தேடினார்கள். முன்பு அங்கு வந்து ஆய்வு செய்த வெளிநாட்டவர் தங்கள் தேவைக்காக எடுத்துச் சென்றிருந்த ஒளிநகல்களையும் சுருள்களையும் தேடித் திரட்டினார்கள். யாரோ ஒருவர் தற்செயலாக எடுத்த நகல் மட்டுமே சில நூல்களுக்கு எச்சமாயிற்று. திட்டமிட்டு எடுத்திருந்தால் எத்தனை நூல்கள் மீண்டிருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

2012 ஏப்ரலில் டிம்பக்டு ஆயுதக் குழுக்களின் பிடியில் வீழ்ந்தது. அப்துல் காதிர் ஹைதரா என்ற நூலகரும் அவருடன் நின்ற குடும்பங்களும் ஏடுகளை இரும்புப் பெட்டிகளில் அடைத்து, வாகனங்களிலும் நைஜர் ஆற்றுப் படகுகளிலும் தலைநகர் பமாகோவுக்கு இரகசியமாகக் கொண்டு சேர்த்தார்கள். 2013 ஜனவரியில் ஆயுதக் குழுவினர் பின்வாங்கும்போது அஹ்மத் பாபா நிறுவனத்தில் இருந்த ஏறத்தாழ 4,000 ஏடுகள் எரிக்கப்பட்டோ களவாடப்பட்டோ போயின. தப்பிய இலட்சக்கணக்கான ஏடுகளுக்கோ வேறோர் ஆபத்து: பாலைவனத்தின் வறண்ட காற்றில் வாழ்ந்தவை பமாகோவின் ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும் நிலை. 2013இல் மேற்கூறிய நூலகம் ஹைதரா அவர்களின் அமைப்போடு கைகோத்து அவற்றைப் படமெடுக்க முற்பட்டது. அரசு நிறுவனத்துக்கு உரிய ஏடுகள் 2025 ஆகஸ்டில் டிம்பக்டுவுக்குத் திரும்பத் தொடங்கின.

இப்பணி நடக்கும் முறையை நாம் அறிந்துகொள்வது நலம். முதலாவது, ஏடு ஊரைவிட்டு வெளிநாடு செல்வதில்லை. கேமராவும் பயிற்சியும்தான் ஏட்டைத் தேடி வருகின்றன. படமெடுப்பவர்கள் உள்ளூர் இளைஞர்கள். நூலை முழுவதும் விரித்து முதுகை முறிக்காமல், சாய்மானத்தில் கிடத்தி, மேலிருந்து சீரான ஒளியில் பக்கம் பக்கமாகப் படமெடுக்கிறார்கள். அட்டையும் வெற்றுப் பக்கமும்கூட விடுபடுவதில்லை. இரண்டாவது, உரிமை உடையவரிடமே இருக்கிறது. மூல ஏடும், படங்களின் ஒரு தொகுதியும் அவரிடம். மற்றொரு தொகுதி நூலகத்திடம். மூன்றாவது, படங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சேமிக்கப்படுகின்றன. ஹார்ட் டிஸ்க் பழுதாவது இயல்பு; ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றுவதும், கோப்புகள் திறக்கின்றனவா என்று சோதிப்பதும் தீராத கடமை.

எல்லாவற்றினும் கடினமானது நான்காவது பணி. படம் எடுத்தாலே நூல் கிடைத்துவிடாது. இலட்சம் படங்களுக்குள் பெயரில்லாமல் கிடக்கும் நூல் புதையுண்ட நூலுக்குச் சமம். நூலின் பெயர், ஆசிரியர், பிரதி செய்தவர், ஹிஜ்ரி ஆண்டு, தொடக்க வாசகம் ஆகியவற்றை அரபி அறிந்த ஆலிம் ஒருவர் பக்கம் புரட்டி எழுத வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயரை ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொரு விதமாய் எழுதுவார்கள். எல்லாம் ஒருவரே என்று கணினிக்குச் சொல்லித்தர வேண்டும். அவ்வாறு பட்டியலிட்டவற்றை அந்நூலகம் தன் இணையதளத்தில், பெயரைப் பதிவு செய்வோர் கட்டணமின்றிப் பார்க்கும்படி வைத்துள்ளது. நம் முன்னோர் பிரதி எடுத்தபின் மூலத்தோடு ஒப்பிட்டு 'முகாபலா' செய்து, எதுவரை ஒப்பிட்டோம் என்பதை ஓரத்தில் குறித்து வைத்தார்கள். இந்தப் பட்டியலும் சோதனையும் அதன் இன்றைய வடிவமே.

அன்பர்களே! இவ்வரலாறு நமக்கு ஏன்? கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் காலத்து அரபுத்தமிழ்க் கிதாபுகள் நம்மில் சிலர் வீட்டுப் பரண்களில் இருக்கக்கூடும். பள்ளிவாசலின் நிகாஹ் பதிவேடுகளும் வக்ஃபு ஆவணங்களும் பெரும்பாலும் ஒற்றைப் பிரதிகளே. கரையானுக்கும் மழைநீருக்கும் போர் தேவையில்லை. ஒரு மழைக்காலமே போதும். எனவே ஜமாஅத் நிர்வாகம் இவ்வாண்டு மூன்று காரியங்களை மேற்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். இருப்பவை எவை என்று முதலில் பட்டியல் எடுத்தல். உடையவரின் இசைவு பெற்று, நூல் அவர் கண்முன்னேயே இருக்கப் படமெடுத்து, ஒரு தொகுதியை அவரிடமே ஒப்படைத்தல். மற்ற தொகுதிகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்தல். நிகாஹ் பதிவேடுகள் குடும்பங்களின் அந்தரங்கம். அவை காக்கப்பட வேண்டியவையேயன்றி, இணையத்தில் பரப்பப்பட வேண்டியவை அல்ல. ஓதக் கற்ற மத்ரஸா மாணவர்களும் கணினி கற்ற இளைஞர்களும் ஒரே மேசையில் அமர்ந்தால் இப்பணி எளிதாகும், இன்ஷா அல்லாஹ்.

கடனைக்கூட எழுதி வைக்கும்படி கட்டளையிட்ட மார்க்கம் நம்முடையது. நமக்கு முன்னிருந்தோர் எழுதி வைத்ததை நமக்குப் பின்வருவோரிடம் சேர்ப்பது நம்மீதுள்ள அமானிதம். அதனை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.