திருகோணமலையிலே முதுமை: ஒரு சரித்திர நோக்கு

திருகோணமலைச் சரித்திரம் என்றதும் கோணேசர் கோயிலும் கோட்டையும் துறைமுகமுமே எமது நினைவுக்கு வருகின்றன. குளக்கோட்டு மன்னன் செய்வித்ததாகச் சொல்லப்படும் திருப்பணிகள், பறங்கியர் கோயிலை இடித்த கொடுமை, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தமை, 1957இல் ஆங்கிலேயக் கடற்படை தளத்தைக் கையளித்துச் சென்றமை என்பவற்றையெல்லாம் பள்ளிப் பருவம் முதலாகக் கேட்டிருக்கிறோம். ஆனால் இத்துறைமுகத்தைச் சூழ வாழ்ந்த சனங்கள், கை கால் ஓய்ந்த காலத்தில் யார் கையால் உண்டார்கள் என்ற வினாவுக்கு எந்தப் பாடநூலும் எமக்கு விடை தந்ததில்லை. அட்மிரல் எந்த மாளிகையில் உறங்கினார் என்பது சரித்திரமாயின், பிள்ளையற்ற கிழவியொருத்தி மாரிகாலத்தில் எவ்வாறு கஞ்சி குடித்தாள் என்பதும் சரித்திரமே.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை ஒன்றுண்டு. "அந்தக் காலத்தில் பெற்றோரைப் பிள்ளைகள் பார்த்தார்கள், இந்தக் காலத்தில் பார்ப்பதில்லை" என்பது அது. இதிலே பாதியுண்மைதான் உளது. பிள்ளையில்லாதவரும், மகனைக் கடலுக்குப் பலி கொடுத்தவரும், இளமையிலே விதவையானவரும் எக்காலத்திலும் இருந்தனர். அவர்களைத் தாங்கியது ஊரின் தொழில் முறையோடு பின்னிக் கிடந்த ஓர் ஏற்பாடாகும். அவ்வேற்பாட்டுக்குப் பெயருமில்லை, எழுதிய விதியுமில்லை.

கோணேசர் கல்வெட்டு என்னும் நூல், கோயிலின் தொழும்புகளை இன்ன குடியினர் இன்னவாறு செய்தல் வேண்டும் என்று வகுத்துரைக்கின்றது. அதிலே முதியோர் பராமரிப்பு என்றொரு பிரிவு இருப்பதாக நாம் கூறத் துணியோம். சிலர் பழம்பெருமை பேசும் ஆர்வத்தில் இல்லாததையெல்லாம் ஏற்றிச் சொல்வதுண்டு, அது வேண்டாம். எனினும் ஒரு பணி தனியொருவனுக்கன்றி ஒரு குடிக்கு உரியதாக வைக்கப்பட்டால், ஒருவன் தளர்ந்தபோது அதே குடியிலே இன்னொருவன் அதனை ஏற்பான் என்பது எளிதில் ஊகிக்கத் தக்கது. அவ்வளவில் நிறுத்திக்கொள்வோம்.

கடற்கரையிலே இவ்வேற்பாட்டை இன்னுந் தெளிவாகக் காணலாம். நிலாவெளி, குச்சவெளி முதலாக மூதூர், வெருகல் வரையுள்ள கரைகளிற் கரைவலைத் தொழில் நெடுங்காலமாக நடந்து வருகின்றது. வலையைத் தோணியிலேற்றிக் கடலை அரைவட்டமாக வளைத்து, இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையிலே நின்று பலர் சேர்ந்து இழுப்பர். வலை சம்மாட்டிக்கு உரியது. பிடிபட்ட மீனில் அவருக்கு ஒரு பாகமும் தொழிலாளருக்கு ஒரு பாகமுமாகப் பிரியும். நீரின் நிறத்தையும் அலையின் போக்கையும் பார்த்து மீன் கூட்டத்தை அறிந்து சொல்லும் மண்டாடிக்கு வேண்டியது புயவலியன்று, அனுபவம். ஆகவே நரைத்த தலைக்கு அங்கே மதிப்பிருந்தது. அந்நிலையை எட்டாத முதியவர் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுப்பார். மூதாட்டி கருவாடு காயவைப்பாள். ஒன்றுக்கும் இயலாதவர்கூட மடி கரையேறும் வேளையிற் கயிற்றிலே கைவைத்து நின்றால், கறிக்கென்று நாலு மீன் கிடைக்கும். பெருமூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் அக்கிழவரால் வலை ஒரு முழமும் நகராது என்பது எல்லோருக்குந் தெரியும். ஆனாலும் கயிற்றிலே அவர் கையிருந்தது. ஆதலால் அது பிச்சையாகவில்லை. இதனை நாம் மிகவும் வியக்கின்றோம்.

ஆயினும் இதனைப் பொற்காலமாக எழுதிவிடுதல் பிழை. வாடைக்காற்று வீசுங் காலத்தில் கடல் கொந்தளிக்கும்; கரைவலை ஓயும்; கறிக்கு மீனும் நிற்கும். படுக்கையில் வீழ்ந்தவருக்குக் கயிற்றிலே கைவைக்கவும் இயலாது. 1950களின் பிற்பகுதி முதலாக இயந்திரப் படகும் நைலோன் வலையும் வந்தபின், மூன்று நான்கு பேர் ஏறும் படகிலே கிழவருக்கு இடமில்லாமற் போயிற்று. இலாபம் பெருகியது உண்மை. பங்கு கேட்கக்கூடிய கைகள் குறைந்ததும் உண்மை.

இனித் துறைமுகத்தை நோக்குவோம். கடற்படைத் தளம் ஊருக்குள் மாதச் சம்பளத்தையும் நாட்கூலியையும் கொண்டுவந்தது. நிரந்தர உத்தியோகம் பார்த்தவருக்கு இளைப்பாற்றுச் சம்பளம் உண்டு, நாட்கூலிக்காரனுக்கு இல்லை. ஒரே ஒழுங்கையில் வாழ்ந்த இருவருள் ஒருவர் முதுமையிற் பென்சன்காரராகவும் மற்றவர் மகனின் கையை எதிர்பார்ப்பவராகவும் ஆயினர். ஆங்கிலேய அரசு 1939இல் ஏழைகள் சட்டம் ஒன்றை இயற்றி, வறியோரைப் பேணும் பொறுப்பை உள்ளூராட்சிச் சபைகளுக்கு வைத்தது. அதுவோ கொழும்பு, கண்டி, காலி என்னும் மூன்று மாநகரங்களிலேதான் நடைமுறைக்கு வந்தது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று புகழப்பட்ட எமது ஊரின் ஏழைக்கு அச்சட்டத்தில் இடமில்லை. சமூக சேவைத் திணைக்களம் 1948இலே தோன்றியது.

1957ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆந் திகதி தளம் இலங்கையிடம் வந்தது. நாட்டுக்கு அது பெருமை. ஆயினும் ஆங்கிலேயரின் கப்பல்களை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அது பிழைப்புப் போன நாளுமாகும். மறு ஆண்டிலே ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்து, தனியார் துறைத் தொழிலாளர் ஆண் 55, பெண் 50 வயதிலே திரண்ட தொகையொன்றைப் பெற வழிசெய்தது. நல்ல சட்டமே. ஆனால் மாதந்தோறும் வருவது வேறு, ஒருநாள் மொத்தமாக வருவது வேறு. எமது சமூகத்திலே மொத்தமாக வந்த பணம் மகளின் சீதனமாகவோ வீட்டுக் கூரையாகவோ மாறுதற்கு எத்தனை நாள் செல்லும் என்பதை வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பிற நாட்டார் இதற்குச் செய்த ஒன்றைக் கிறிஸ்தவ மிஷன் பாடசாலையிற் படித்த எமக்குத் தெரியும். பிரான்சு தேசத்திலே 1839இல் ஜான் யுகான் என்னும் பெண்மணி, ஆதரவற்ற குருட்டுக் கிழவி ஒருத்தியைத் தம் வீட்டுக்குத் தூக்கிவந்து தம் கட்டிலைக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை 1888இல் கொழும்புக்கு வந்தது. அச்சகோதரிகள் நாள்தோறும் கடை கடையாகச் சென்று கேட்டு வாங்கி முதியோரை உண்பிப்பர். சமய பேதம் பாரார். இதனைப் படிக்கும் சைவ வாலிபர் அதிசயிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துவைத்துப் பொதுக்காரியத்துக்கு வழங்கும் பிடியரிசி வழக்கம் எம்மிடமும் இருந்தது. அதைக்கொண்டு மடங்களையும் பாடசாலைகளையும் நடத்தினோம். முதியோருக்கென்று அதை நிலையான ஏற்பாடாக்கத் தவறினோம் என்பதே வேறுபாடு.

ஆனால் ஒரு காரியத்தில் எமது ஊர்களின் கூட்டுறவுக்கு ஈடில்லை. அது செத்த வீடு. உயிர் பிரிந்த செய்தி பரவியதும் பந்தலுக்குத் தடி வரும்; கதிரை வரும்; அயல்வீட்டு அடுப்பிலே தேநீர் கொதிக்கும். மரண சகாய சங்கம் என்பது பெரும்பாலான கிராமங்களில் உண்டு. மாதச் சந்தா சிறு தொகை. அங்கத்தவர் வீட்டில் மரணம் நேர்ந்தால் உடனே பணம் கைக்கு வரும். கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளின் முஸ்லிம் சகோதரர் ஜனாஸா சங்கங்கள் வைத்திருக்கின்றனர்; சிங்களக் கிராமங்களில் மரணாதாரச் சங்கங்கள் உள. மூன்று சமூகமும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றனவோ, தாமாகவே கண்டனவோ, எவ்வாறாயினும் மாவட்டம் முழுவதும் வேரூன்றிய சங்கம் இதுவொன்றே. பிணத்தை எடுக்க நாற்பது பேர் வருகிறார்கள். அந்நாற்பது பேரும் அம்மனிதர் படுக்கையிற் கிடந்த மூன்று வருடத்தில் எங்கிருந்தார்கள் என்று கேட்பது குரூரமாகத் தோன்றலாம். கேட்டே ஆகவேண்டும்.

யுத்த காலம் இக்கேள்வியைக் கூர்மையாக்கிற்று. 1990இற் பல குடும்பங்கள் படகேறி இராமேசுவரம் சேர்ந்து மண்டபம் முகாமிற் பதிந்தன. வாலிபர் மேல்நாடு சென்றனர். 2004 டிசம்பர் 26இல் வந்த கடல்கோள் கிண்ணியா வைத்தியசாலையையும் அழித்தது. ஓட இயலாதவரையே அலை முதலில் எடுத்தது. அம்பாறை மாவட்டத்திலே பின்னர் நடந்த ஆய்வொன்றும் சிறுவரும் முதியவருமே அதிகமாக இறந்தனர் என்று கண்டது. 2006இலே சம்பூரும் மூதூர் கிழக்கும் வெறிச்சோடின. சம்பூர்க் காணிகள் திரும்பக் கிடைத்தது 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான். அறுபது வயதில் ஊரை நீங்கியவர் எழுபதிலே திரும்பினார். கிணறு தூர்ந்திருந்தது, அயலார் பலர் இல்லை. வெளிநாட்டு மகனிடமிருந்து பணம் வருகிறது. கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல ஆளில்லை. இப்படிப்பட்ட வீடுகள் எமது அயலிலே பல.

இதனிடையே சட்டமும் மாறியது. 1982இல் வியன்னா நகரில் ஐக்கிய நாடுகள் சபை முதுமை பற்றிய உலக மாநாட்டைக் கூட்டியது. ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா என்னும் நிறுவனம் 1986இல் தோன்றிக் கண்புரைச் சிகிச்சை முதலியவற்றை எடுத்து நடத்தலாயிற்று. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாம் பேணவியலாத பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்று புறக்கணித்தலாகாது என்றது. பராமரிப்புக் கோரி முறையிடச் சபையொன்றையும் அமைத்தது. மகன்மேல் முறைப்பாடு எழுதக் கச்சேரிப் படியேறும் தாய் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். 2012இலே, எழுபது வயதைக் கடந்த வறியோருக்கு மாதம் 1000 ரூபா கொடுப்பனவு தொடங்கியது. பின்னர் அது உயர்த்தப்பட்டது. அவ்வாண்டின் குடிசன மதிப்பின்படி இலங்கையில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12.4 பேர், 1981இல் இது 6.6 ஆக இருந்தது.

இச்சட்டத்தின் வழியாக வந்தவற்றுள் எமக்கு மிகப் பிடித்தது முதியோர் சங்கமே. கிராம அலுவலர் பிரிவு, பிரதேசம், மாவட்டம் எனப் படிப்படியாக அமைந்த இச்சங்கங்களில் அங்கத்தவரும் நிர்வாகிகளும் முதியவர்களே. எழுபது வயதினர் எண்பது வயதினரைப் பார்த்து வருகிறார். கண் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படிவம் வாசிக்கிறார். கரைவலைக் கயிற்றிலே கைவைத்து நின்ற அந்த மானம் இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. குறை என்னவெனில், நடக்கவியலாதவர் கூட்டத்துக்கு வருவதில்லை. வராதவரைத் தேடிச் செல்லப் போதிய இளங்கால்கள் அங்கே இல்லை.

மரண சகாய சங்கத்திலோ அக்கால்கள் உள. சந்தா வாங்குபவர் மாதந்தோறும் ஒவ்வொரு படலையிலும் நிற்கிறார். பணத்தை வாங்கித் துண்டெழுதிக் கொடுத்துத் திரும்புகிறார். அவர் உள்ளே சென்று பத்து நிமிடம் இருந்தால், மருந்து முடிந்ததா, கண் மறைக்கிறதா, பென்சனுக்குரிய உயிர்வாழ்தற் சான்றிதழ் எழுதியாயிற்றா என்று கேட்டுவிடலாம். வீட்டிலக்கமும் பெயரும் சங்கப் பதிவேட்டில் ஏற்கெனவே உள. இன்னும் ஒரு நிரலுக்குக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்; அதனை நிரப்ப ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எமது சங்க வாலிபர் இருவர் போதும்.