ரேடார் படங்களில் புள்ளி இரைச்சலும் நகரும் இலக்கும்

புள்ளி இரைச்சல்: செயற்கைத் துளை ரேடார் எடுக்கும் படங்களில் ரவை தூவியதுபோல் தெரியும் சொரசொரப்பு. 'ஸ்பெக்கிள்' என்றும் சொல்வர். இது கருவியின் பழுதன்று. ஒரு படப்புள்ளிக்குள் அடங்கும் கல், புல், மண்கட்டி ஆகியவை திருப்பியனுப்பும் அலைகள் சில இடங்களில் கூடும். சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். அதனால் சீரான வயலும் திட்டுத்திட்டாகத் தெரிகிறது.

ஒரே பரப்பின் 4 தனித்த பார்வைகளைச் சராசரி செய்தால் இரைச்சல் பாதியாகும். ஆனால் நுணுக்கம் குறைந்து, சிறு படகு அதில் கரைந்துபோகும். 1980இல் ஜோங்-சென் லீ வெளியிட்ட வடிகட்டி இதற்கு அழகான வழி கண்டது: சீரான பரப்பை மட்டும் மழுப்பி, ஏற்ற இறக்கம் மிகுந்த விளிம்புகளைத் தொடாமல் விடும்.

நகரும் பொருளின் சிக்கல் வேறு. அதன் வேகம் டாப்ளர் அதிர்வெண்ணை மாற்றுவதால், படத்தில் இடம்மாறி விழும். 850 கி.மீ. தொலைவிலுள்ள செயற்கைக்கோள் நொடிக்கு 7.5 கி.மீ. வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். அதை நோக்கி மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் ரயில், தண்டவாளத்தைவிட்டு 2 கி.மீ.க்கும் அப்பால், வயல் நடுவே ஓடுவதாகத் தெரியும்!

நகரும் பொருளை நிலத்திலிருந்து பிரித்துக் காட்ட ஒரு நல்ல வழி, முன்பின்னாக அமைந்த இரண்டு ஆன்டெனாக்கள். கணநேர இடைவெளியில் ஒரே இடத்திலிருந்து எடுத்த இரு பதிவுகளைக் கழித்தால், அசையாத நிலமும் அதன் புள்ளி இரைச்சலும் சேர்ந்தே பெரும்பாலும் மறையும், நகர்ந்தது எஞ்சும். 2007இல் ஏவப்பட்ட கனடாவின் ராடார்சாட்-2, தன் ஆன்டெனாவை இரண்டாகப் பிரித்து இதைச் செய்தது. செயற்கைக்கோளின் பாதைக்கு இணையாக மெதுவாகச் செல்லும் வண்டி மட்டும் இதிலும் எளிதில் சிக்காது.